மூங்கிலால் விமானம் கட்டி, வரைபடத்தை ஊருக்கே கொடுத்தவர்

2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கலாம். பெட்டிப் பட்டம் போன்ற விசித்திரமான ஒரு விமானம் மரகானா அரங்கிலிருந்து மேலெழுந்து, இரவு நேர ரியோ நகரத்தின் மேல் பறந்து சென்றது. இது யாருடைய விமானம், இதற்கு ஏன் இவ்வளவு கைத்தட்டல் என்று நம்மில் பலர் அன்று கேட்டிருப்போம். பிரேசில் நாட்டில் அந்தக் கேள்வியை ஒரு குழந்தைகூடக் கேட்காது. அங்கே விமானத்தின் தந்தை ரைட் சகோதரர்கள் அல்லர். அல்பெர்டோ சாந்தோஸ் டுமோன்ட்.

அந்த வழக்கிற்குப் பிறகு வருவோம். எனக்கு அவரிடம் பிடித்தது ஒலிம்பிக்கில் காட்டிய பெரிய விமானம் அல்ல. அதற்குப் பின்னர் அவர் கட்டிய மிகச் சிறிய விமானம். மூங்கிலும் பட்டும் சைக்கிள் சக்கரமும் கொண்டு, ஓர் ஆள் தம் வீட்டுக் கொட்டகையில் கட்டிக்கொள்ளக்கூடிய விமானம். இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் பொழுதுபோக்காகச் சொந்தக் கைகளால் சிறு விமானம் கட்டிப் பறக்கிறார்கள். அந்த வழக்கத்தின் முன்னோடிகளில் முதல் வரிசையில் நிற்பது அவருடைய அந்தச் சின்ன விமானம்.

சாந்தோஸ் டுமோன்ட் 1873-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் பிறந்தார். தந்தை ஹென்ரிக் டுமோன்ட் பொறியாளர். பிறகு சாவோ பாவ்லோ மாநிலத்தின் ரிபெய்ராவோ பிரெட்டோ பகுதியில் பெரும் காப்பித் தோட்டம் அமைத்து, காப்பி அரசர் என்று பெயர் எடுத்தவர்.

தோட்டம் என்றதும் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. மலாயாவில் ரப்பர் வருவதற்கு முன் காப்பித் தோட்டங்கள் இருந்தன. நம் முன்னோர் பலர் முதலில் இறங்கியது அங்கேதான். பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை விழுந்ததும் இங்குள்ள துரைமார்கள் ரப்பருக்கு மாறியதற்கு ஒரு காரணம். ஆக, இந்தப் பையன் பிற்காலத்தில் பாரிஸில் தண்ணீராய்ச் செலவழித்த பணம் எங்கிருந்து வந்தது என்பது தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு விளக்காமலே புரியும். அவர் பிறந்தபோது பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி நடப்பில் இருந்தது. 1888-ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது.

தோட்டத்துக்குள்ளேயே காப்பி ஏற்றிச் செல்லத் தனி ரயில் பாதை ஓடியது. அல்பெர்டோ ஏழு வயதில் நீராவி இழுவை வண்டிகளை ஓட்டினார். பன்னிரண்டு வயதில் ரயில் இயந்திரத்தை ஓட்ட விட்டார்கள். ஆலையில் காப்பிக்கொட்டையைச் சுத்தம் செய்து, தோல் நீக்கி, தரம் பிரிக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம். முன்னும் பின்னும் ஆடும் சல்லடைகள்தாம் எப்போதும் பழுதாகும், சுழலும் பாகங்கள் தாங்கும் என்பதை அந்த வயதிலேயே கவனித்து மனத்தில் வைத்துக்கொண்டார். ஓய்வு நேரத்தில் ஜூல்ஸ் வெர்ன் கதைகள்.

அல்பெர்டோவுக்கு 18 வயது ஆவதற்குள் தந்தை வண்டியிலிருந்து விழுந்து கடுமையாகப் பாதிக்கப்பட்டார். தோட்டத்தை விற்றுவிட்டுக் குடும்பம் சிகிச்சைக்காக ஐரோப்பா சென்றது. மகனுடைய பங்கை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்து, பாரிஸுக்குப் போய் இயந்திரவியலும் இயற்பியலும் படிக்கச் சொல்லிவிட்டு, 1892-ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

பாரிஸில் அவர் பட்டம் எதுவும் வாங்கவில்லை. மோட்டார் வண்டி வாங்கினார், பலூனில் பறந்தார். 1898-ஆம் ஆண்டில் பிரேசில் என்று பெயரிட்டுத் தமக்கென ஒரு பலூன் செய்ய வைத்தார். அது அவ்வளவு சிறியதாக இருந்ததால் செய்தவர்களே ஒத்துக்கொள்ளத் தயங்கினார்கள். ஆனால் அவர் கணக்குப் போட்டிருந்தார். ஐந்தடிக்குச் சற்று அதிகமான உயரம், சுமார் 50 கிலோ எடை. இந்த உடம்பைத் தூக்க எதற்குப் பெரிய பலூன்?

பிறகு பலூனில் இயந்திரம் பொருத்தி நினைத்த திசையில் ஓட்ட நினைத்தார். இயந்திரத்தின் அதிர்வில் எல்லாம் குலைந்துவிடும் என்றார்கள். அவர் தம் மூன்று சக்கர மோட்டார் சைக்கிளை போலோன் காட்டுக்கு எடுத்துச் சென்று, ஒரு மரக்கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, அந்தரத்திலேயே இயந்திரத்தை முடுக்கிப் பார்த்தார். தரையில் இருந்ததைவிட அதிர்வு குறைவாகவே இருந்தது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. செலவு ஒரு கயிறு. அவருடைய வேலைமுறை முழுவதும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது என்பேன்.

1901-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள், தம் ஆறாவது ஆகாயக் கப்பலில் செயின்ட் கிளவுடிலிருந்து புறப்பட்டு, ஐபெல் கோபுரத்தைச் சுற்றித் திரும்பினார். அரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், பரிசு ஒரு லட்சம் பிராங்க். கோட்டைக் கடந்தது நேரத்துக்குள். கயிற்றைத் தரையில் இருந்தவர்கள் பிடித்தபோது சில விநாடிகள் கூடிவிட்டன. நடுவர் குழு இழுத்தடித்து, பொதுமக்கள் கூச்சலிட்ட பிறகே பரிசை வழங்கியது. அந்தப் பணத்தை அவர் பாரிஸ் ஏழைகளுக்கும் தம் பணியாளர்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு பாரிஸ் நகரமே அவரைக் கொண்டாடியது. ஒன்பதாவது ஆகாயக் கப்பல் மிகச் சிறியது. அதில் ஏறி வீதிகளுக்கு மேல் தாழப் பறந்து, ஷாம்ப்ஸ் எலிசே சாலையில் தம் வீட்டு வாசலில் கட்டிவிட்டு, மாடிக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வருவார். பறக்கும்போது இரண்டு கைகளும் வேலையாக இருந்ததால் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க முடியவில்லை. அந்தக் குறையை நண்பர் லூயி கார்த்தியேவிடம் சொல்ல, அவர் 1904-ஆம் ஆண்டில் மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். சாந்தோஸ் என்ற பெயரில் அந்தக் கடிகாரம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. விலையைக் கேட்டால் நமக்குத்தான் மயக்கம் வரும்.

இனி ஒலிம்பிக்கில் வந்த விமானம். 1906-ஆம் ஆண்டு அவர் வாயு இல்லாமல் பறக்கும் இயந்திரத்தில் இறங்கினார். அதை முதலில் பதினான்காம் எண் ஆகாயக் கப்பலின் அடியில் தொங்கவிட்டுச் சோதித்ததால், 14-பிஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தம் தோட்டத்தில் கம்பி கட்டி, அதில் விமானத்தைத் தொங்கவிட்டு, ஒரு கழுதையை இழுக்கவைத்தும் சோதித்தார். அவ்வாண்டு அக்டோபர் 23-ஆம் நாள் பாகத்தேல் திடலில் ஆயிரம் பேர் பார்க்க அது தரையை விட்டு எழும்பி 60 மீட்டர் சென்றது. நவம்பர் 12-ஆம் நாள் 220 மீட்டர். ஐரோப்பாவே பார்த்திராத காட்சி.

ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17-ஆம் நாளே அமெரிக்காவின் கிட்டி ஹாக்கில் பறந்துவிட்டார்கள். அதை மறுக்க முடியாது. 1905-இல் அவர்கள் அரை மணி நேரத்துக்கு மேல் பறந்திருக்கிறார்கள். பிரேசில் மக்கள் சொல்வது, பொதுமக்கள் முன்னிலையில், உந்துவிசைக் கருவி எதுவும் இல்லாமல், சக்கரத்தில் ஓடி எழும்பியது நம் ஆள்தான் என்று. இரண்டும் உண்மை. ஆனால் இந்தச் சண்டையில் மூழ்கியவர்கள் வேறொரு வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. ரைட் சகோதரர்கள் தங்கள் கண்டுபிடிப்பைக் காப்புரிமையால் பூட்டினார்கள். 1909 முதல் மற்றவர்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள். அது அவர்கள் உரிமை. தவறு என்று சொல்ல முடியாது. சாந்தோஸ் டுமோன்ட் அதே காலத்தில் நேர் எதிரான வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

1907-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு குட்டி விமானத்தோடு அவர் திடலுக்கு வந்தார். ஒரு கிலோமீட்டர் தூரம் சுற்றி வருபவருக்கு அறிவித்திருந்த பரிசுக்காக அவசரமாகக் கட்டியது. இயந்திரம் ஒத்துழைக்கவில்லை, சிறு சிறு தாவல்களோடு நின்றது. பரிசை இரண்டு மாதம் கழித்து ஹென்றி ஃபர்மன் வென்றார். வேறொருவராக இருந்தால் அதைப் பிரித்துப் போட்டிருப்பார். இவர் அதையே திருத்தித் திருத்தி, 1909-ஆம் ஆண்டில் நம்பிக்கையாகப் பறக்கும் விமானமாக்கினார். அதற்குத் தெமுவாசெல் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் இளம்பெண் என்று பொருள். ஊசித்தட்டானுக்கும் அதே பெயர்தான். படத்தைப் பார்த்தால் இரண்டாவது பொருளே பொருத்தமாகத் தெரியும். முன்னால் இறக்கை, பின்னால் ஒல்லியாய் நீண்ட வால்.

இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஐந்து மீட்டருக்குச் சற்று அதிகம். இங்குள்ள 20 அடி அகலத் தெரஸ் வீட்டின் முகப்புக்குள் அடங்கிவிடும். ஆள் இல்லாமல் எடை சுமார் 110 கிலோ. ஒரு கப்சாய் மோட்டாரின் எடையை ஒட்டியதுதான்.

எப்படிக் கட்டினார்? முதுகெலும்பு மூன்று நீண்ட மூங்கில்கள். ஏறத்தாழ இரண்டு அங்குலப் பருமன் கொண்டவை. முக்கோணமாக அமைத்து, குறுக்கே சட்டங்கள் கொடுத்து, மூலைக்கு மூலை கம்பி இழுத்து முறுக்கி விறைப்பாக்கினார். மூங்கில்களை இடையில் உலோகக் குழாய் மூட்டுகளால் இணைத்ததால், வேண்டும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம். இறக்கையின் மேல் பட்டுத்துணி. அடியில் இரண்டு சைக்கிள் சக்கரம். வால் சிலுவை வடிவில், எந்தப் பக்கமும் திரும்பும் ஒரே மூட்டில் நின்றது. சுக்கானும் ஏற்ற இறக்கத் தகடும் தனித்தனி இல்லை; வால் முழுவதுமே அசையும்.

இயந்திரம் இரண்டு உருளைகள் எதிரெதிராகப் படுத்திருக்கும் வகை, சுமார் 30 குதிரைத் திறன். இறக்கையின் முன் விளிம்பில், ஓட்டுநரின் தலைக்கு மேலே உட்கார்ந்திருந்தது. அதைக் குளிரூட்டத் தண்ணீர் வேண்டும். ஆனால் கனமான ரேடியேட்டரை முன்னால் வைத்தால் எடையும் கூடும், காற்றையும் தடுக்கும். ஆகவே மெல்லிய செம்புக் குழாய்களை இறக்கையின் அடிப்பக்கத்தில் வரிசையாக ஓட்டினார். பறக்கும் காற்றே குளிரூட்டியது.

ஓட்டுநருக்கு நாற்காலி கிடையாது. மூங்கில்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய ஒரு துண்டுக் கித்தான், அவ்வளவுதான். ஒரு கையில் மேலே கீழே போகும் நெம்புகோல், மறு கையில் இடம் வலம் திருப்பும் சக்கரம். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்கையை முறுக்கிச் சமன் செய்ய வேண்டுமே, அதற்கு மூன்றாவது கை ஏது? இங்கேதான் அவர் மூளையைப் பாராட்ட வேண்டும். இறக்கைக் கம்பிகளோடு இணைந்த ஒரு கோலைச் செங்குத்தாக நிறுத்தி, தம் கோட்டின் முதுகில் ஒரு பை தைத்து, அந்தக் கோலை அதற்குள் செருகிக்கொண்டார். இடப்பக்கம் சாய்ந்தால், மனிதன் இயல்பாகவே வலப்பக்கம் உடம்பைச் சாய்ப்பான். அந்த அசைவே இறக்கையை முறுக்கி விமானத்தை நிமிர்த்தியது. ஓட்டுநரின் உடம்பும் விமானத்தின் ஒரு பாகம்.

1909 செப்டம்பரில் செயின்ட் சீரிலிருந்து புக் வரை எட்டு கிலோமீட்டரை ஐந்தே நிமிடத்தில் கடந்தார். அந்தக் காலத்தில் அது மலைக்கவைக்கும் வேகம். அதே மாதம் இன்னொரு நாள் வழி தவறி, ஒரு பிரபுவின் மாளிகைப் புல்வெளியில் இறங்கிவிட்டார். வீட்டார் இரவு விருந்துக்கு உட்கார வைத்தார்களாம்.

அவர் விரும்பியிருந்தால் இந்த விமானத்தை விற்றே பெரும் பணக்காரர் ஆகியிருக்கலாம். காப்புரிமை எடுக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வரைபடத்தைக் கொடுத்தார். யார் வேண்டுமானாலும் கட்டலாம், விற்கலாம், தமக்கு ஒன்றும் வேண்டாம். கிளெமென்ட் பயார் என்ற மோட்டார் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. அமெரிக்காவில் பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழ் 1910-ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் அளவுகளோடு முழு வரைபடத்தையும் வெளியிட்டது. கைத்தொழில் தெரிந்த எவனும் ஒரு விமானத்துக்குச் சொந்தக்காரனாகலாம் என்ற நிலை அப்போது பிறந்தது. ரோலண்ட் காரோஸ் என்ற இளைஞர் ஒரு தெமுவாசெல் வாங்கித்தான் பறக்கவே தொடங்கினார். பாரிஸில் ஆண்டுதோறும் பிரெஞ்சு பொது டென்னிஸ் போட்டி நடக்கும் அரங்கம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

கட்டுவது எளிது என்றாலும் ஓட்டுவது எளிதாக இல்லை. அந்த விமானம் 50 கிலோ மனிதர் ஒருவரின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. மற்றவர்கள் அதில் படாத பாடு பட்டார்கள். அவரே தப்பவில்லை. 1910 ஜனவரி 4-ஆம் நாள் பறந்துகொண்டிருக்கும்போது இறக்கையைத் தாங்கும் கம்பி ஒன்று அறுந்தது. இறக்கை மடங்கி, விமானம் கீழே விழுந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அவ்வாண்டிலேயே பறப்பதை நிறுத்திவிட்டார். உடல்நிலை கெட்டிருந்தது, பார்வை இரட்டையாகத் தெரிந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அப்போது அவருக்கு வயது 36.

பிறகு நடந்தவை சொல்லவே சங்கடமானவை. பிரான்ஸின் கடற்கரை ஊரான பெனர்வில்லில் ஒதுங்கி, தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தார். 1914-இல் போர் மூண்டது. வெளிநாட்டுப் பேச்சு, ஜெர்மன் தொலைநோக்கி, கடலைப் பார்த்த வீடு. அக்கம்பக்கத்தார் அவரை உளவாளி என்று சந்தேகித்தார்கள். ராணுவக் காவலர்கள் வீட்டைச் சோதனையிட்டார்கள். எந்த நகரம் அவரைத் தோளில் தூக்கியதோ, அந்த நாடே தம்மைத் திருடனைப் போல் நடத்தியது அவரால் தாங்க முடியாமல் போனது. தம்மிடமிருந்த ஆவணங்கள், கடிதங்கள், வரைபடங்கள் எல்லாவற்றையும் தீயிலிட்டுப் பொசுக்கினார். பின்னர் அரசு மன்னிப்புக் கேட்டது. எரிந்த காகிதம் திரும்பவில்லை.

தெமுவாசெல்லின் வரைபடம் மட்டும் அந்தத் தீயில் அழியவில்லை. அதுதான் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஊராருடைய சொத்தாகி, கடல் கடந்து போயிருந்ததே!

பிரேசில் திரும்பி, 1918-ஆம் ஆண்டில் பெட்ரோபோலிஸ் மலைநகரில் ஒரு சிறிய வீடு கட்டினார். அதற்குச் சமையலறை கிடையாது. சாப்பாடு பக்கத்து ஹோட்டலிலிருந்து வரும். வாசல் படிகளைப் பாதி பாதியாக வெட்டி, வலது காலை முதலில் வைத்தால்தான் ஏற முடியும் என்று அமைத்திருந்தார். மருமகளை வலது காலை எடுத்துவைத்து வரச் சொல்லும் நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பிரேசில் சுற்றுப்பயணிகள் மட்டும் இன்றும் அதைப் படமெடுத்துத் தள்ளுகிறார்கள்.

விமானங்கள் குண்டு போடத் தொடங்கியது அவர் மனத்தை அரித்தது. 1926-ஆம் ஆண்டில் விமானத்தைப் போர்க்கருவியாகப் பயன்படுத்தத் தடை வேண்டும் என்று உலக நாடுகள் சங்கத்திடம் முறையிட்டார். இளமையில் தம் ஆகாயக் கப்பல்களைப் போர்க்காலத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பிரான்ஸ் அரசுக்கு அவரே கொடுக்க முன்வந்தவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நினைவும் அவரை உறுத்தியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1928 டிசம்பர் 3-ஆம் நாள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் ரியோ துறைமுகத்துக்குள் வந்தார். அவரை வரவேற்க, அவர் பெயரையே சூட்டிய ஒரு கடல் விமானத்தில் அறிஞர்களும் நண்பர்களும் மலர்களோடு பறந்து வந்தார்கள். அவர் கண்ணெதிரே அது கடலில் விழுந்து, அதில் இருந்த அனைவரும் மாண்டார்கள். விருந்துகளையெல்லாம் ரத்து செய்யச் சொல்லிவிட்டு, இறுதிச் சடங்குகளுக்குப் போனார்.

1932-இல் பிரேசிலில் உள்நாட்டுப் போர் வெடித்தது. சொந்த நாட்டு மக்கள் மீது சொந்த நாட்டு விமானங்களே குண்டு வீசின. குவாருஜா கடற்கரையில் தங்கியிருந்த அவர் ஜூலை 23-ஆம் நாள் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். 59 வயது நிறைந்து மூன்றாம் நாள். உண்மைக் காரணம் பல ஆண்டுகள் வெளியே சொல்லப்படவில்லை.

இன்று ரியோவின் உள்நாட்டு விமான நிலையத்துக்கு அவர் பெயர். அவர் பிறந்த ஊருக்கும் அவர் பெயர். அவர் காலத்துத் தெமுவாசெல் ஒன்று பாரிஸ் அருகே லெ பூர்ஜே விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1965-ஆம் ஆண்டில் வெளிவந்த, பழங்காலப் பறக்கும் இயந்திரங்களைப் பற்றிய ஓர் ஆங்கில நகைச்சுவைப் படத்துக்காக இங்கிலாந்தில் தெமுவாசெல் ஒன்றைப் புதிதாகக் கட்டினார்கள். நவீன இயந்திரம் பொருத்தியும் அது தரையில் ஓடியதே தவிர எழும்ப மறுத்தது. எங்கே தவறு என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்குக் கடைசியில் பிடிபட்டது: ஓட்ட வந்த ஆண்கள் எல்லாரும் கனமானவர்கள். இரண்டாம் உலகப் போரில் விமானங்களை இடம் மாற்றிக் கொண்டுசேர்த்த ஜோன் ஹியூஸ் என்ற பெண் விமானியை அழைத்து வந்தார்கள். சிறு உருவம், குறைந்த எடை. அவர் அந்தக் கித்தான் இருக்கையில் உட்கார்ந்து முடுக்கியதும் விமானம் எழும்பிப் பறந்தது.